ஏழு மூட்டையிலிருந்து நாலு மூட்டை: குத்தகை அண்ணன் என்னை ஏமாற்றுகிறாரா?

கோரையாறு:

வணக்கம். மன்னார்குடியிலிருந்து கோட்டூர் போகிற வழியில் எங்கள் ஊர். பத்து மா நிலம் இருக்கிறது, அதாவது மூன்று ஏக்கர் முப்பது சென்ட். நான் அம்பத்தூரில் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. அம்மா இப்போது என்னோடுதான். ஊர் வீடு பூட்டிக் கிடக்கிறது.

அப்பாவுக்கு முழங்கால் போனதிலிருந்து, பதினோரு வருடமாக, பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறார். எழுத்தில் ஒன்றும் இல்லை, வாய்ப்பேச்சுதான். ஏக்கருக்கு அறுபது கிலோ மூட்டை ஏழு. மொத்தம் இருபத்து மூன்று மூட்டை. அதில் மூன்றைச் சாப்பாட்டுக்கு நெல்லாகவே கொடுத்துவிடுவார், மீதிக்குப் பணம். அந்த மூன்று மூட்டையை அரைத்து மன்னை எக்ஸ்பிரஸில் எழும்பூர் கொண்டுவந்து இறக்குவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போகும். அம்மாவுக்கு ஆனால் கடை அரிசி இறங்காது.

இந்த மாசியில் அறுவடைப் பணத்தை அனுப்பிவிட்டு அண்ணன் போன் செய்தார். "தம்பி, அடுத்த சம்பாவிலிருந்து ஏக்கருக்கு நாலு மூட்டைதான் தர முடியும். கட்டாது என்றால் வேற ஆளைப் பாருங்க, எனக்கு வருத்தம் இல்லை" என்றார். சண்டை போடுகிற குரலாகவும் இல்லை. களைத்துப்போன குரல்.

எனக்குப் புரியவில்லை. இந்த 2025-26 அரசுக் கொள்முதலில் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய். முன்பு இவ்வளவு விலை இல்லை. நெல் விலை ஏறும்போது குத்தகை எப்படி இறங்கும்?

மாமா சொல்கிறார், ஊரில் கேட்க ஆள் இல்லை என்று தெரிந்து ஆழம் பார்க்கிறான், பதினோரு வருடம் ஆகிவிட்டதால் இனி எழுப்பவும் முடியாது என்று. சித்தி மகன் தரிசாகப் போடு, ஐந்து வருடம் கழித்து மனைக்கு விற்கலாம் என்கிறான். இன்னொருவர் மூன்றரை லட்சத்துக்கு ஒத்திக்குக் கேட்கிறார், அதாவது அந்தப் பணத்தை நான் திருப்பித் தரும் வரை நிலம் அவர் கையில். நான் யார் பேச்சைக் கேட்பது? நாலு மூட்டை என்பது நியாயமா? இப்போதாவது எழுதி வாங்கலாமா, வாங்கினால் ஆபத்தா?


திருப்பூர்வாசி:

தரிசு என்ற யோசனையை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள். நான் பட்டவன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர். குத்தகை மூன்று மூட்டைக்கு இறங்கியதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று மூட்டைக்கு நிலத்தைக் கொடுப்பதற்குச் சும்மா கிடக்கட்டும் என்றேன். மூன்று வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் என் நிலம் எது, பக்கத்து நிலம் எது என்றே தெரியவில்லை. ஆள் உயரத்துக்குச் சீமைக் கருவேலம். வரப்பு கரைந்து சர்வேயரைக் கூப்பிட்டு அளக்க வேண்டியதாயிற்று. ஜேசிபி வைத்து வேரோடு எடுக்க எனக்கு 46,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு எத்தனை வருடக் குத்தகை என்று கணக்குப் போட்டுப் பார்த்து அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இப்போது ஒருவர் செய்கிறார். முதல் இரண்டு வருடம் குத்தகையே கிடையாது, நிலத்தைப் பண்படுத்துவதுதான் குத்தகை என்று பேச்சு. சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.


இருபது ஏக்கர்:

தம்பி, நான் அந்தப் பக்கத்து ஆள். உங்கள் அண்ணன் இருக்கிற இடத்தில்தான் நானும் இருக்கிறேன். சொந்தம் ஒன்றரை ஏக்கர், குத்தகைக்கு எடுத்துச் செய்வது பதினெட்டரை. ஒன்பது பேருடைய நிலம். நாலு பேர் சென்னை, இரண்டு பேர் திருப்பூர், ஒருவர் பெங்களூர், ஒருவர் சிங்கப்பூர். ஒரே ஒருவர் மட்டும் உள்ளூர், அவருக்கு எண்பது வயது.

எங்கள் அப்பா வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்குச் செய்தவர். ஒரு மா கூடக் கிடைக்குமா என்று மிராசுதார் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று கேட்பார். நானும் சின்னப் பிள்ளையாகக் கூட நின்றிருக்கிறேன். அன்றைக்கு ஒரு நிலத்துக்குப் பத்துப் பேர் போட்டி. இன்றைக்கு எனக்குப் போன் வருகிறது. "அண்ணே, எங்க நிலத்தையும் சேர்த்துப் பாத்துக்குங்களேன், நீங்க குடுக்கறதைக் குடுங்க" என்கிறார்கள். போன வருடம் மட்டும் ஆறு ஏக்கர் வேண்டாம் என்று சொன்னேன். பெருமைக்குச் சொல்லவில்லை. 2005 வாக்கில் எங்கள் ஊரில் சொந்தமாகவோ குத்தகைக்கோ ஏர் பிடித்தவர்கள் நாற்பது வீட்டுக்குக் குறையாது. இப்போது டிராக்டர் வைத்து முழுசாகச் செய்கிறவர்கள் நாலு பேர். அந்த நாலு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். எங்கள் பிள்ளைகள் ஒருத்தரும் வயலில் இல்லை. என் மகன் ஓசூரில் இருக்கிறான்.

அதனால் நிலத்துக்கு ஆள் தேடுகிற காலம் இது. உங்கள் மாமா இன்னும் ஆளுக்கு நிலம் தேடுகிற காலத்திலேயே இருக்கிறார்.

ஆனால் எல்லா நிலத்துக்கும் குத்தகை இறங்கவில்லை, இதைக் கவனியுங்கள். ரோட்டோரம், போர்வெல் இருக்கிற, குறுவை, சம்பா என்று இரண்டு போகம் எடுக்கிற நிலத்துக்கு ஏக்கருக்குப் பத்து மூட்டை கொடுக்க இன்றைக்கும் நான் தயார், கொடுத்துக்கொண்டும் இருக்கிறேன். ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பி, மூன்று வயல் தாண்டி உள்ளே இருக்கிற ஒருபோக நிலம் என்றால் மூன்று, நாலு. அதற்கும் உள்ளே, தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடை என்றால் வரப்பைக் காப்பாற்றிக் கொடுத்தாலே போதும் என்கிறார்கள். முன்பு மண்ணைப் பார்த்துக் குத்தகை பேசுவோம். இப்போது நான் முதலில் பார்ப்பது அறுவடை மெஷின் போக வழி இருக்கிறதா என்று. அந்த பெல்ட் வைத்த அறுவடை வண்டி இறங்க முடியாத நிலம் பொன் விளைகிற பூமியாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். கையால் அறுக்க ஆள் எங்கே? நடவுக்கே வங்காளத்திலிருந்து வந்த பிள்ளைகள் குழுவாக இறங்கி ஏக்கர் கணக்கில் பேசி நட்டுவிட்டுப் போகிறார்கள். நம் ஊர்க்காரன் திருப்பூருக்குப் போய்விட்டான், வங்காளத்துக்காரன் நம் வயலுக்கு வந்துவிட்டான்.

அப்புறம் இன்னொன்று. நிலத்துச் சொந்தக்காரர் ஒரே ஆளாக இருக்கிறாரா என்று பார்ப்பேன். நான் கைவிட்ட ஆறு ஏக்கரில் மூன்று ஏக்கர் அருமையான நிலம். அண்ணன் தம்பி அக்கா தங்கை என்று ஏழு பங்கு, நாலு ஊரில் இருக்கிறார்கள். ஒருவர் குத்தகை கூடக் கேட்பார், ஒருவர் விற்க வேண்டும் என்பார், ஒருவர் போனே எடுக்க மாட்டார். நாற்று விட்ட பிறகு வந்து நிறுத்து என்பார்கள். யாரால் முடியும்?

உங்கள் நிலம் எப்படி? வழி இருக்கிறதா? போர் உண்டா? பக்கத்து நிலங்களில் யார் பயிர் செய்கிறார்கள்? இது தெரியாமல் நாலு மூட்டை நியாயமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.


கோரையாறு:

போர் இல்லை அண்ணே. ஆற்றுத் தண்ணீர்தான், ஒரு போகம், அப்புறம் உளுந்து தெளிப்பார். வழி ரோட்டிலிருந்து இரண்டு வயல் தாண்டி உண்டு என்றுதான் என் ஞாபகம். பக்கத்தில் யார் செய்கிறார்கள் என்று சத்தியமாகத் தெரியாது. நான் வயலில் இறங்கி நாலு வருடம் ஆகிறது. பொங்கலுக்குப் போனால் வீட்டு வாசலோடு திரும்பிவிடுகிறேன்.

ஆனாலும் 2,545 ரூபாய் விலையில் ஏழு மூட்டை கொடுக்க முடியாதா என்ற கேள்வி எனக்கு அப்படியே இருக்கிறது.


இருபது ஏக்கர்:

சரி, கணக்கையே போட்டுவிடுவோம். நீங்கள்தான் கணக்குப் பார்க்கிறவர் ஆயிற்றே. இது என் நோட்டில் இருக்கிற இந்த சம்பாக் கணக்கு, ஒரு ஏக்கருக்கு. உழவும் வரப்பு வேலையும் 4,500. விதை, நாற்றங்கால் 2,500. நடவு 5,000. உரம் 5,500. களை, மருந்து 4,500. அறுவடை 3,500. காயவைத்து மூட்டை பிடித்து ஏற்றி இறக்க 2,000. ஆக 27,500. நான் ராத்திரி தண்ணீர் கட்டப் போவதற்கு இதில் கூலி போடவில்லை.

முப்பது மூட்டை கண்டால் நல்ல விளைச்சல். மூட்டை 1,527 ரூபாய் வீதம் 45,810. செலவு போக 18,310. அதில் ஏழு மூட்டைக் குத்தகை 10,689 போனால் என் கையில் 7,621. ஆறு மாதம் சேற்றில் நின்றதற்கு.

இது நல்ல வருடம். 2023-ல் ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள், அக்டோபர் 10 மூடிவிட்டார்கள். 2024-ல் குறுவைக்கு ஜூலை கடைசி வரை அணை திறக்கவே இல்லை. 2023 பிப்ரவரியில் அறுக்கிற நேரம் பார்த்து மழை கொட்டி, சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்தது. அந்த வருடங்களில் குத்தகையை யார் தலையில் எழுதுவது? என் ஒன்பது பேரில் இரண்டு பேர் "விடுங்கண்ணே, பாதி குடுங்க" என்றார்கள். மற்றவர்கள் பேச்சு பேச்சுதான் என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. ஊரில் இருந்தால் சாய்ந்த பயிரைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். போனில் நான் சொல்வது அவர்களுக்கு நடிப்பு மாதிரிதான் கேட்கும்.

அந்த பிப்ரவரி மழைக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். எங்கள் ஊரில் பட்டா யார் பெயரோ அவர் கணக்கில்தான் விழுந்தது. என்னிடம் வந்தது மூன்று பேரிடமிருந்து. ஒருவர் கூகுள் பேயில் அனுப்பிவிட்டு, "இது உங்க பணம்ணே" என்று ஒரு வரி போட்டிருந்தார். அவர் நிலத்தை நான் சாகும் வரை விட மாட்டேன்.

இதற்கு மேல் பிஎம் கிசான் வருடத்துக்கு 6,000. அதுவும் பட்டாக்காரருக்குத்தான், குத்தகைக்கு உழுகிறவனுக்குக் கிடையாது. வருமான வரி கட்டுகிறவர்களுக்குத் தரக்கூடாது என்று விதி, ஆனால் ஊரில் இருக்கும் அப்பா பெயரில் பட்டா இருந்தால் வந்துகொண்டிருக்கும். உங்கள் அப்பா காலத்தில் உங்களுக்கும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஏழு மூட்டையா நாலு மூட்டையா என்று பேசும்போது இதையும் கூட வைத்துப் பேசுங்கள்.


பழைய அடங்கல்:

முப்பது வருடம் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

எழுதி வாங்கினால் ஆபத்து, வாய்ப்பேச்சு என்றால் பாதுகாப்பு என்று ஊரெல்லாம் நினைக்கிறார்கள். தப்பு. 1955-ஆம் வருடத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வாய்மொழிக் குத்தகையையும் குத்தகை என்றே ஏற்கிறது. பதினோரு மாத ஒப்பந்தம் போட்டால் தப்பித்துவிடலாம் என்பதும் வீட்டு வாடகைக்காரர்கள் கிளப்பிவிட்ட கதை. 1969 சட்டப்படி குத்தகைதாரர் தன் பெயரைக் குத்தகை உரிமைப் பதிவேட்டில் ஏற்றத் தாசில்தாரிடம் தானே மனுக் கொடுக்கலாம். உங்களுக்கு அறிவிப்பு வரும், விசாரணை நடக்கும். பதினோரு வருடமாக உங்களுக்கு அப்படி ஒரு தபால் வரவில்லை என்றால் அவர் மனுக் கொடுக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். பூட்டிய வீட்டுக் கதவிடுக்கில் கிடக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அப்படியும் நடந்திருக்கிறது.

அந்தச் சட்டத்தில் இன்னொரு வார்த்தை இருக்கிறது. சாகுபடிக் குத்தகைதாரர் என்றால் தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைப்பைப் போட்டுப் பயிர் செய்கிறவர். பண்ணையாளும் வாரதாரனும் மாடு பிடித்து உழுத காலத்தில் எழுதிய சட்டம் அது. இருபது ஏக்கர் அய்யா மாதிரி ஒன்பது பேர் நிலத்தை மெஷின் வைத்து, வெளியூர்க் கூலி வைத்துச் செய்கிறவர் இதற்குள் வருவாரா என்றால் வழக்குக்கு வழக்கு வாதம் நடக்கும். ராத்திரி தண்ணீர் கட்டுவதையெல்லாம் வக்கீல் எழுதிக்கொள்வார்.

நியாயக் குத்தகை விஷயம்தான் எனக்கு வேடிக்கை. 1952-ல் தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்று சட்டம் வந்தபோது குத்தகைக்காரனுக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று வைத்தார்கள். அதுவே அன்றைக்குப் பெரிய புரட்சி. 1956-ல் நஞ்சைக்கு நிலச் சொந்தக்காரர் பங்கு நூற்றுக்கு 40 என்றார்கள். பிறகு அதையும் 25 ஆக்கினார்கள். முப்பது மூட்டை விளைந்தால் 25 சதவீதம் ஏழரை மூட்டை. உங்கள் அப்பா வாங்கிய ஏழு அந்தக் கோட்டுக்குள்தான் இருந்தது. இன்றைக்கு அவர் சொல்கிற நாலு, சட்டம் அனுமதிக்கிற உச்சத்தில் ஏறக்குறையப் பாதி. குத்தகைக்காரனைக் காப்பாற்றச் சட்டசபை போட்ட வேலிக்கும் கீழே குத்தகை இறங்கிவிட்டது. அதைச் செய்தது சட்டமும் இல்லை, சங்கமும் இல்லை. மன்னை எக்ஸ்பிரஸ்தான் செய்தது என்பேன்.

2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் 51 லட்சம். 2011-ல் 42 லட்சம். பத்து வருடத்தில் ஒன்பது லட்சம் பேர் அந்தக் கட்டத்திலிருந்து வெளியே போயிருக்கிறார்கள். விவசாயக் கூலிகள் கட்டம் அதே பத்து வருடத்தில் கூடியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

2016-ல் நிதி ஆயோக் ஒரு மாதிரிக் குத்தகைச் சட்டம் போட்டுக் கொடுத்தது. நிலம் உரிமையாளருக்கே, கடனும் காப்பீடும் நிவாரணமும் உழுகிறவருக்கு என்பது அதன் சாரம். ஆந்திராவில் 2019-ல் பதினோரு மாதச் சாகுபடியாளர் அட்டை கொண்டுவந்தார்கள். அதற்கும் நிலக்காரர் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட்டால் நிலம் போய்விடும் என்று அங்கேயும் இதே பயம்தான். நமக்கு இன்னும் 1955 தான்.

முதல் வேலையாக வாரிசுச் சான்று வாங்கிப் பட்டாவை மாற்றுங்கள். அப்பா பெயரிலேயே கிடந்தால் அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு), கடன், கொள்முதல் என்று ஒவ்வொன்றிலும் உங்கள் அண்ணன்தான் அலைய வேண்டியிருக்கும்.


நடவுக்காரி:

எல்லாரும் நிலத்துக்கு ஆள் இல்லை, ஆள் இல்லை என்று எழுதுகிறீர்கள். சிரிப்பாக வருகிறது. என் மகள்தான் இதைப் படித்துக் காட்டினாள், அவளே எனக்காக எழுதுகிறாள்.

நான் பதின்மூன்று வயதிலிருந்து நடவுக்குப் போகிறவள். எங்கள் தெருவில் முப்பது பெண்கள் இருக்கிறோம். ஆண்கள் பாதிப் பேர் திருப்பூரிலும் கேரளத்திலும். நாங்கள் ஊரில்தான் இருக்கிறோம். எங்களுக்கு ஒரு ஏக்கர், அரை ஏக்கர் குத்தகைக்குக் கொடுங்கள் என்று எத்தனையோ பேரிடம் கேட்டாயிற்று. "பாக்கலாம்" என்பார்கள். அடுத்த வருடம் போனால் அந்த நிலத்தில் கருவேலம் நிற்கும். அதைக் கருவேலத்துக்குக் கொடுப்பார்கள், எங்கள் தெருவுக்குக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் திரும்ப வராது என்று பயமாம். சென்னைக்குப் போய் இருபது வருடம் ஆனவர்களும் நிலம் என்று வந்தால் அதே தெருக் கணக்குத்தான் பார்க்கிறார்கள்.

கடைசியில் எங்களுக்கு நிலம் கிடைத்தது ஒத்தியில்தான். மகன் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்து அனுப்பிய பணமும் குழுக் கடனும் சேர்த்து 1,20,000 கொடுத்து ஒரு ஏக்கர் எடுத்தோம். நிலக்காரர் சென்னையில் இருக்கிறார், அவருக்குப் பெண்ணின் காலேஜ் பணம் அவசரமாக வேண்டியிருந்தது. அவசரம் என்று வந்தபோது தெரு தெரியவில்லை. குத்தகை கிடையாது, வட்டி கிடையாது, மூன்று வருடம் கழித்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு நிலத்தை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. இப்போது ஆறாவது வருடம் நடக்கிறது. அவரிடம் திருப்பித் தரப் பணம் இல்லை. எனக்குச் சரிதான்.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். ஒத்தி மூன்றரை லட்சத்தை வாங்குகிற நாள் இனிக்கும். திருப்பித் தருவதற்கு அந்தப் பணத்தை எடுத்து வைக்க முடிந்தால் வாங்குங்கள். வீட்டு அட்வான்ஸுக்கோ வண்டிக்கோ போய்விடும் என்றால் வேண்டாம். மூட்டை நெல்லும் வராது, நிலமும் வராது.

இருபது ஏக்கர் அண்ணனுக்கு ஒன்று. மெஷின் போகாத நிலம் வேண்டாம் என்று தள்ளினீர்களே, அதை எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லிவிடக் கூடாதா? கையால் அறுக்க ஆள் எங்கே என்று கேட்டீர்களே, நாங்கள் இருக்கிறோம். எங்கள் சொந்த நெல்லாக இருந்தால் அறுப்போம்.


இருபது ஏக்கர்:

அம்மா, நீங்கள் கேட்டது நியாயம். அந்த ஆறு ஏக்கரில் உள்ளே இருக்கிற ஒன்றே கால் ஏக்கர்க்காரர் பெங்களூரில் இருக்கிறார். அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்கு ஓரளவு தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.


கோரையாறு:

எல்லாருக்கும் நன்றி. சனி ஞாயிறு ஊருக்குப் போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன். நேற்றுக் காலை அண்ணன் என்னை வயலுக்குக் கூட்டிப்போனார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தேன், இரண்டு தடவை சறுக்கினேன்.

எனக்கு ஞாபகத்தில் இருந்த வழி இல்லை. ரோட்டோர வயல்காரர் மூன்று வருடத்துக்கு முன் விற்றுவிட்டாராம். வாங்கியவர் கம்பி வேலி போட்டுத் தென்னை வைத்திருக்கிறார். அறுவடை வண்டி இப்போது வடக்கே சுற்றி நாலு பேர் வயலைத் தாண்டி வருகிறது. அந்த நாலு பேரும் அறுத்து முடித்த பிறகுதான் நம் வயலில் இறங்க முடியும். அதற்குள் கதிர் முற்றி உதிர்கிறது.

கிழக்கே இருக்கிற நிலம் என் பள்ளிக்கூட நண்பனுடையது, அவன் பெங்களூரில் இருக்கிறான். தெற்கே இருப்பது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவருடையது. இரண்டும் இரண்டு வருடமாகத் தரிசு. கோரையும் கருவேலமும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அதற்குள்ளே எலி. எங்கள் வரப்பு ஓரமாக அண்ணன் காட்டினார், ஒரு அடிக்கு ஒரு வளை. கதிர் பிடிக்கிற நேரத்தில் ராத்திரி ராத்திரியாக வெட்டி இழுத்துக்கொண்டு போகுமாம். கிட்டி வைத்தும் பார்த்திருக்கிறார், மருந்தும் வைத்திருக்கிறார். "நம்ம வயல்ல இருக்கற எலியைப் பிடிக்கலாம் தம்பி, அடுத்தவன் காட்டுல இருக்கற எலியை நான் என்ன பண்ண?" என்றார். மாடுகளுக்கும் அந்தப் பக்கம்தான் வாசல்.

இந்த வருடம் அவர் எடுத்தது ஏக்கருக்கு இருபத்தாறு மூட்டை. இருபது ஏக்கர் அண்ணன் கணக்கிலேயே போட்டுப் பார்த்தேன். 39,702 வரவு. 27,500 செலவு. ஏழு மூட்டைக் குத்தகை போனால் மிச்சம் 1,513 ரூபாய். மூன்று ஏக்கர் முப்பது சென்டுக்கும் சேர்த்து ஐயாயிரம். இவ்வளவுதான் மிஞ்சும் என்று தெரிந்தும் ஏழு மூட்டைக் குத்தகையைப் போன மாதம் பேசாமல் எனக்கு அனுப்பிவிட்டு அப்புறம் போன் செய்திருக்கிறார். நாலு மூட்டை என்றால் ஏக்கருக்கு அவருக்கு 6,094 நிற்கும். நான் அம்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு ஏமாற்றுகிறாரா என்று இங்கே தலைப்பு வைத்தேன். தலைப்பை மாற்ற முடியவில்லை, அப்படியே இருக்கட்டும்.

நாலுக்கு ஒப்புக்கொண்டேன். மூன்று மூட்டை சாப்பாட்டு நெல் மட்டும் எப்போதும் போல. நிவாரணமோ காப்பீடோ வந்தால் அது அவருக்கு. ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம், மாமாவுக்கு இன்னும் சொல்லவில்லை. பட்டாவில் பெரியப்பா பெயரும் சேர்ந்து இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. அது தனிக் கதை. கதவிடுக்கில் தபால் எதுவும் இல்லை, ஒரு கல்யாணப் பத்திரிகைதான் கிடந்தது.

அண்ணன் ஒன்று சொன்னார். கிழக்கும் தெற்கும் சேர்த்து மொத்தம் ஏழரை ஏக்கரும் ஒரே கையில் கிடைத்தால், தரிசை வெட்டி, வரப்பை எடுத்து, தென்னந்தோப்புக்காரரிடம் பேசி ஓரமாக ஒரு வண்டிப் பாதைக்குக் காசும் கொடுத்துவிட அவர் தயார். மூன்றாவது வருடத்திலிருந்து எல்லாருக்கும் ஆறு மூட்டை தருவாராம். கருவேலம் எடுக்கிற செலவை நிலக்காரர்கள் பாதி ஏற்க வேண்டும்.

ரயிலில் வரும்போதே மூன்று பேருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து எலி வளைப் படங்களை எல்லாம் போட்டேன். பெங்களூர் நண்பன் உடனே ஒரு சிரிப்புப் படம் அனுப்பினான். பிறகு, "எவ்வளவு ஆகும்னு சொல்லு" என்றான். சிங்கப்பூர்க்காரர் இரண்டு நீல டிக்.


திருப்பூர்வாசி:

அவருக்கு என் ஜேசிபி பில்லை அனுப்பவா? பத்திரமாக வைத்திருக்கிறேன்.


நடவுக்காரி:

தெற்கு நிலம் எவ்வளவு ஏக்கர் என்று கேட்டுச் சொல்லுங்கள்.